பங்குக் கோயில் மண்டபத்தில் குறும்பட மாலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் (சர்ச்) மண்டபத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் குறும்பட மாலையைப் பற்றி டீக்கடையிலும் பஸ் நிலையத்திலும் போனிலும் ஒரே மாதிரியான கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை எழுதி, கீழே பதில் வைத்திருக்கிறேன். பார்க்க வருபவர்களுக்கானவை முதலில், படம் எடுப்பவர்களுக்கானவை அப்புறம், சட்டம், அனுமதி போன்ற சிக்கலானவை கடைசியில்.

குறும்படம்னா என்னங்க, சினிமாவையே சின்னதா எடுக்கறதா?

நீளத்தில் சின்னது, அவ்வளவுதான். ஆஸ்கர் விருது தரும் அமைப்பு, பெயர்கள் ஓடும் நேரத்தையும் சேர்த்து 40 நிமிடத்துக்குள் இருந்தால் குறும்படம் என்கிறது. நாங்கள் 20 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். ஒரே மாலையில் ஆறேழு படம் பார்க்க வேண்டும், பார்த்ததைப் பற்றிப் பேசவும் நேரம் வேண்டும். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக் காட்டிய பத்துப் படங்களில் எதுவும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடவில்லை. அப்படிப் பார்த்தால் சினிமாவே குறும்படமாகத்தான் பிறந்தது.

இரண்டரை மணி நேரக் கதையைச் சுருக்கி வைத்தால் அது குறும்படம் ஆகிவிடாது. தோப்பைக் குத்தகைக்கு விடுகிற அன்று வீட்டில் யாரும் யாரோடும் பேசாமல் இருக்கிறார்கள் என்று வையுங்கள். அந்த ஒரு காலைப்பொழுது போதும், முழுப் படம் அதில் இருக்கிறது. பெரிய தயாரிப்பாளர் யாரும் இல்லாமல், எடுத்தவர்களே கைக்காசு போட்டு, தங்களுக்குத் தோன்றியபடி எடுத்த படங்களைத்தான் இங்கே காட்டுகிறோம்.

சர்ச்சுலன்னா இயேசு படம்தானே போடுவீங்க?

இல்லை. மாந்தோப்பு, கிரானைட் குவாரி, பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள், பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கல்யாணம் செய்து வைக்கப்படும் பெண்பிள்ளைகள், பாட்டி தனியாக இருக்கும் வீடு. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டத்துப் பிள்ளைகள் எடுக்கும் படங்களில் இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. பக்திப் படம் வந்தாலும் மற்றப் படங்களோடு சேர்த்துத்தான் பார்க்கிறோம். அதற்கென்று தனி இடம் ஒதுக்குவதில்லை.

சினிமாவுக்கும் கோயிலுக்கும் தொடர்பு புதிதும் இல்லை. 1905-இல் ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூ பாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டினார். அவர் கையில் இருந்த படங்களில் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. 1995-இல் சினிமாவுக்கு நூறு வயது ஆனபோது வத்திக்கான் 45 படங்களைப் பட்டியலிட்டது. அதில் சமயப் படங்கள் மூன்றில் ஒரு பங்குதான். பிரான்சில் நடக்கும் கான் திரைப்பட விழாவிலும் 1974 முதல் கிறிஸ்தவ சபைகளின் கூட்டு நடுவர் குழு ஒன்று தனியாகப் பரிசு கொடுத்து வருகிறது.

நாங்க வேற மதங்க. வந்தா நடுவுல ஜெபம் பண்ணச் சொல்வீங்களா?

மாட்டோம். ஜெபம் கிடையாது, துண்டுப் பிரசுரம் கிடையாது, பெயரும் முகவரியும் எழுதி வாங்குவதும் கிடையாது. தொடக்கத்தில் பங்குத்தந்தை (ஃபாதர்) வணக்கம் சொல்லி இரண்டு நிமிடம் பேசுவார், பிறகு விளக்கு அணையும். மண்டபத்தில் உட்காருபவர்களில் பாதிப் பேராவது பங்கை, அதாவது இந்தக் கோயிலைச் சேராதவர்களாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. இது தெருவுக்கான மாலை, மண்டபம் கோயிலுடையது, அவ்வளவுதான்.

டிக்கெட் எவ்வளவு?

இலவசம். நன்கொடைப் பெட்டியும் வைப்பதில்லை. புரொஜெக்டர் வாடகை, ஸ்பீக்கர், டீ, சுண்டல் ஆகியவற்றுக்கான செலவைப் பங்கு மக்களின் குழுவான பங்குப் பேரவையும் தெருக்கடைக்காரர்கள் சிலரும் பகிர்ந்துகொள்கிறார்கள். கணக்கு மறுவாரமே அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும்? முடிஞ்சு பஸ் பிடிக்க முடியுமா?

மாலைத் திருப்பலி (பூசை) முடிந்து எல்லாரும் ஒரு டீ குடித்ததும், 6.45-க்குத் தொடங்கும். மண்டபத்தின் மேற்கு ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டாலும் ஓரத்தில் வெளிச்சம் கசியும். நம் ஊரில் சூரியன் மறைவது நவம்பரில் சுமார் 5.50-க்கு, ஜூன் கடைசியில் சுமார் 6.45-க்கு. அதனால் கோடை மாதங்களில் முதல் படமாகப் பிரகாசமான, பகல் காட்சிகள் உள்ள படத்தைப் போடுகிறோம். இருட்டில் நடக்கும் படங்கள் பிறகு வரும்.

9 மணிக்கு முடித்துவிடுவோம். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் கிடையாது, எல்லாம் பஸ்தான். காவேரிப்பட்டணம், பர்கூர், ராயக்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் வரும்போதே வாசலில் சொல்லிவிடுங்கள். உங்கள் பக்கத்துப் பிள்ளையின் படம் இருந்தால் முன்னாலேயே போட்டுவிடுவோம், நீங்கள் பேச்சு நடக்கும்போதே எழுந்து போகலாம். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

குழந்தைங்களைக் கூட்டிட்டு வரலாமா?

முதல் ஒரு மணி நேரம் எல்லாருக்குமானது. முன்வரிசையில் பாய் விரித்திருப்போம், பிள்ளைகள் அங்கே உட்காரட்டும். 8 மணிக்கு மேல் போடும் படங்கள் பெரியவர்களுக்கானவை, இடைவேளையில் அதை மைக்கிலும் சொல்லுவோம்.

2023-இல் திரைப்படச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்க வேண்டிய யுஏ வகை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. வாசலில் வைக்கும் பட்டியலில் ஒவ்வொரு படத்துக்கும் நேரே அதை எழுதியிருப்போம். உங்கள் பிள்ளையை உங்களுக்குத்தான் தெரியும், பட்டியலைப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஏம்ப்பா, கோயில் அவ்வளவு பெரிசா இருக்க, மண்டபத்துல ஏன் நெருக்கிக்கிட்டு உக்காரணும்?

இதை எங்கள் பங்கின் பெரியவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். இரண்டு காரணம் உண்டு. முதலாவது, கோயில் அர்ச்சிக்கப்பட்ட இடம். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1210-ஆம் சட்டம், புனித இடத்தில் வழிபாட்டுக்கும் பக்திக்கும் சமயத்துக்கும் உதவுவதை மட்டுமே அனுமதிக்கிறது. இடத்தின் புனிதத்துக்கு முரணில்லாத வேறு காரியம் என்றால் ஒவ்வொரு முறையும் ஆயரின் அனுமதி வேண்டும். நற்கருணைப் பேழைக்கு முன்னால் திரை கட்டிக் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருக்க எங்களுக்கும் மனசு வரவில்லை. சிரிக்க வேண்டிய படத்துக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும், அதற்கு மண்டபம்தான் சரி.

இரண்டாவது காரணம் ஒலி. உயரமான கூரையும் பூச்சுச் சுவரும் உள்ள இடத்தில் ஒரு சத்தம் அடங்க இரண்டு மூன்று வினாடி ஆகும். பாடற்குழுவுக்கு அது வரம், பாட்டு நிறைந்து கேட்கும். வசனத்துக்கு அதுவே கெடுதல். முதல் சொல் அடங்குவதற்குள் மூன்றாவது சொல் வந்துவிடும்.

பின்னாடி உக்காந்தா வசனமே புரியறதில்லையே?

மண்டபத்திலும் இந்தத் தொல்லை ஓரளவு இருக்கிறது. புரியவில்லை என்றதும் எல்லாரும் சத்தத்தைக் கூட்டச் சொல்கிறார்கள். கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடுகிறது, வசனம் இன்னும் குழம்புகிறது. அதனால் இப்போது முன்னால் இரண்டு பெரிய ஸ்பீக்கர் மட்டும் வைப்பதற்குப் பதிலாக, மண்டபத்தின் பாதி தூரத்தில் இன்னும் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களைக் காது உயரத்துக்குச் சற்று மேலே வைத்து, எல்லாவற்றையும் குறைந்த சத்தத்தில் ஓட்டுகிறோம். பின்சுவரில் கனமான ஜமுக்காளம் தொங்கவிடுகிறோம். ஆட்கள் நிறைந்தால் தானாகவே நன்றாகக் கேட்கும், மனித உடம்பும் துணியும் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். காலியான மண்டபத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுச் சரியில்லை என்று முடிவு செய்யக் கூடாது.

காது கொஞ்சம் மந்தமான பெரியவர்களுக்கு முன்னிருந்து மூன்றாவது வரிசையில் இடம் வைத்திருக்கிறோம். தமிழ்ப் படங்களுக்கும் தமிழிலேயே எழுத்து (சப்டைட்டில்) போடச் சொல்லி இயக்குநர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பலர் தயங்குகிறார்கள், படத்தின் அழகு கெட்டுவிடும் என்று. புரியாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு தாத்தாவை நினைத்தால் அந்தத் தயக்கம் போய்விட வேண்டும்.

எனக்கு சினிமா பத்தி ஒண்ணும் தெரியாது. படம் முடிஞ்சதும் பேசச் சொல்வீங்களாமே?

யாரையும் கட்டாயப்படுத்த மாட்டோம். ஆனால் இந்த மாலையின் பாதி அந்தப் பேச்சுதான், அதற்காகத்தான் இதை நடத்துகிறோம் என்றே சொல்வேன். படம் எடுத்த பிள்ளை வீட்டு நகையை அடகு வைத்தோ, வேலையில் சேர்த்த காசைப் போட்டோ எடுத்திருக்கும். அதை யூடியூபில் ஏற்றினால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் தெரியும். எந்த இடத்தில் அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், எந்த இடத்தில் பக்கத்து ஆளிடம் பேச ஆரம்பித்தார்கள் என்பது தெரியாது. எடுத்தவரும் பார்த்தவரும் ஒரே அறையில் இருந்தால்தான் அது தெரியும்.

பேசுவதற்கு சினிமா தெரிய வேண்டியதில்லை. கேமரா, எடிட்டிங் என்றெல்லாம் போக வேண்டாம். என்ன பார்த்தீர்கள், எங்கே கவனம் விலகியது, எந்த ஆள் நிஜமாக இருந்தார், எந்த ஆள் நடிப்பது போலிருந்தது என்று சொன்னால் போதும். நம் பக்கம் மா அறுவடை ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூலை வரை போகும், தை மாதத்தில் மரம் பூத்து நிற்கும். பொங்கலன்று நடப்பதாகச் சொல்லும் காட்சியில் கொத்துக் கொத்தாகப் பழம் தொங்கினால், இங்கே உட்கார்ந்திருக்கும் தோட்டக்காரர் அதைப் பிடித்துவிடுவார். அந்த ஒரு வார்த்தை அந்தப் பிள்ளைக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது.

‘சூப்பர்’ என்று மட்டும் சொல்லி உட்கார வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். எது பிடித்தது என்று சேர்த்துச் சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் படத்தைப் பற்றிப் பேசுங்கள், எடுத்தவரின் வீடு, சாதி, படிப்பு பற்றி வேண்டாம். அந்தப் பேச்சு தொடங்கினால் மைக்கை வாங்கிவிடுவோம்.

அண்ணா, போன்ல எடுத்த படத்தை எடுத்துக்குவீங்களா?

தாராளமாக. பெரிய திரையில் போன் படம் தோற்றுப்போவது பெரும்பாலும் ஒலியில்தான், படத்தில் இல்லை. நாலடி தள்ளி நின்று எடுத்தால் போனின் மைக்கில் காற்றும் லாரிச் சத்தமும்தான் பதியும், தேசிய நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களில் சொல்லவே வேண்டாம். சட்டையில் மாட்டும் மைக் ஒன்று வாங்குங்கள். அதுவும் இல்லையென்றால் இன்னொரு போனை நடிப்பவரின் பையில் வைத்துப் பதிவு செய்து, பிறகு படத்தோடு பொருத்திக்கொள்ளுங்கள். போனைக் கிடைமட்டமாகப் பிடித்து எடுங்கள். நின்ற வாக்கில் எடுத்தால் எங்கள் திரையில் நடுவில் ஒரு பட்டையாகத்தான் தெரியும்.

படத்தை எந்த ஃபார்மட்ல அனுப்பணும்?

1920-க்கு 1080 அளவில், எச்.264 முறையில் செய்த எம்பி4 கோப்பு போதும். வாட்ஸாப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். பென் டிரைவில் கொடுப்பதாக இருந்தால் அது எக்ஸ்ஃபேட் (exFAT) முறையில் ஃபார்மட் செய்ததாக இருக்கட்டும். பழைய ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக ஏறாது. எழுத்துகளைத் தனிக் கோப்பாகத் தராமல் படத்திலேயே பதித்துக் கொடுங்கள். தனிக் கோப்பாக இருந்தால் சில கருவிகளில் தமிழ் எழுத்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக உடைந்து வரும்.

தெலுங்கு, கன்னடம், உருதுல எடுத்தா எடுத்துக்குவீங்களா?

எடுத்துக்கொள்கிறோம். வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழும் ஓசூர்ப் பக்கம் போனால் கன்னடமும் பேசுகிற ஊர் இது, பழையபேட்டையில் உருது கேட்காத தெரு இல்லை. பாத்திரங்கள் வீட்டில் என்ன பேசுவார்களோ அதையே பேசட்டும். கீழே தமிழ் எழுத்து கட்டாயம்.

பரிசு எவ்வளவு தர்றீங்க?

பரிசு இல்லை. முதல், இரண்டாம், மூன்றாம் என்று அறிவித்த உடனே மண்டபத்தின் மனநிலை மாறிவிடும். கூட வந்தவர்கள் தங்கள் ஆளுக்குக் கைதட்டவே வருவார்கள், பேச்சு நேரத்தில் போட்டியாளரின் படத்தில் குறை தேடுவார்கள். மேலே சொன்ன பேச்சு இதில் செத்துப்போகும். வருகிற இயக்குநர்களுக்குப் பஸ் செலவும் இரவுச் சாப்பாடும் தருகிறோம்.

இதுல படம் போட்டா சினிமால சான்ஸ் கிடைக்குமா?

இந்த மண்டபத்திலிருந்து நேராகக் கோடம்பாக்கத்துக்கு வழி இருக்கிறது என்று சொன்னால் அது பொய். குறும்படத்திலிருந்து பெரிய படத்துக்குப் போனவர்கள் உண்டு. 2009-இல் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சி வழியாக கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் போன்றவர்கள் வந்தார்கள். அவர்கள் குறும்படத்தைக் குறும்படமாகவே நன்றாக எடுத்தவர்கள். விசிட்டிங் கார்டாக நினைத்து எடுக்கும் படத்தில் ட்ரோன் காட்சியும் ஸ்லோமோஷன் சண்டையும் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, கையில் திறமை உள்ளவர்கள்தான் அப்படிச் செய்கிறார்கள்.

நல்ல பழைய சினிமாப் பாட்டு ஒண்ணை பேக்ரவுண்டுல போட்டிருக்கேன். 30 செகண்டுக்குள்ளதான், பரவாயில்லையா?

30 வினாடி வரை பயன்படுத்தலாம் என்று ஒரு விதி நம் சட்டத்தில் கிடையாது. யாரோ சொல்லி எல்லாரும் நம்பும் கதை அது. இந்தியக் காப்புரிமை (காப்பிரைட்) சட்டம் 1957-ன்படி ஒலிப்பதிவுக்கு உரிமை, வெளியான ஆண்டு முடிந்த பிறகு 60 ஆண்டு. பாடல் வரிக்கும் இசைக்கும், எழுதியவர் வாழ்நாளும் அதன் பிறகு 60 ஆண்டும். எனவே பழைய பாட்டு என்று நாம் நினைக்கிற பெரும்பாலானவை இன்னும் யாரோ ஒருவருக்குச் சொந்தம்.

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் தெருக்கூத்துக் கலைஞர்கள் இருக்கிறார்கள், நாதஸ்வரம், பம்பை வாசிப்பவர்கள் இருக்கிறார்கள், எங்கள் பாடற்குழுவில் கீபோர்டு வாசிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேளுங்கள், வாசித்ததற்குக் காசு கொடுங்கள், ஒரு தாளில் சம்மதம் எழுதி வாங்குங்கள். படத்துக்கென்றே உண்டான இசை கிடைக்கும், வேறு யார் படத்திலும் அது இருக்காது.

சர்ச்சுக்குள்ள நடத்தினா காப்புரிமையே கிடையாதாமே?

அரைகுறையாகக் கேள்விப்பட்டது. காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் சமயச் சடங்குக்கு ஒரு விலக்கு உண்டு. அது உண்மையான சமய நிகழ்ச்சியின்போது பாடும் பாட்டுக்கும் நாடகத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் பொருந்தும். அதே பிரிவில், அமெச்சூர் குழுக்கள் கட்டணம் வாங்காமலோ சமய நிறுவனத்தின் நன்மைக்காகவோ நாடகம், இசை, இலக்கியப் படைப்புகளை நிகழ்த்த இன்னொரு விலக்கு இருக்கிறது. இரண்டிலுமே திரைப்படம் இல்லை. நம் மாலை ஒரு சடங்கும் இல்லை. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குகிறோம். எந்த நாள், எந்த இடம், எத்தனை முறை என்று அதில் இருக்கும்.

யூடியூப்ல இருக்கற படம்தானே, அங்கிருந்தே நெட்ல ஓட்டிடலாமே?

கூடாது. யூடியூபின் விதிமுறையே அதைச் சொந்தமாகப் பார்ப்பதற்கு மட்டும்தான் அனுமதிக்கிறது, பொதுவில் திரையிடக் கூடாது என்கிறது. இயக்குநரைக் கேட்டால் நல்ல கோப்பையே தருவார். கேட்பதில் ஒரு மரியாதையும் இருக்கிறது, பெரும்பாலும் அவரும் கிளம்பி வந்துவிடுவார்.

ஃப்ரீயாத்தானே காட்டறோம், சென்சார் எதுக்கு?

இலவசம் என்பதால் விலக்கு இல்லை, சின்னப் படம் என்பதாலும் இல்லை. திரைப்படச் சட்டம் 1952, பொதுமக்களுக்குக் காட்டும் படத்துக்குச் சான்றிதழ் வேண்டும் என்கிறது. அதனால் திறந்த மாலையில் சான்றிதழ் உள்ள படங்களை மட்டுமே போடுகிறோம். சான்றிதழ் தரும் மத்திய தணிக்கை வாரியத்தின் மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது, விண்ணப்பத்தை இணையத்திலேயே செய்யலாம், கட்டணம் படத்தின் நீளத்தைப் பொறுத்தது. படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு மண்டபத்தில் உட்கார்ந்து உதவுகிறோம். முதல் முறை எடுப்பவர்கள் இங்கேதான் மலைத்துப்போகிறார்கள், மலைக்க வேண்டாம்.

இரண்டு விஷயம் படம் எடுக்கும்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் மாடோ ஆடோ நாயோ நடித்தால் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் கடிதம் கேட்பார்கள். எருது விடும் விழாவைப் படம் பிடிக்க நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரொம்ப ஆசை, அவர்கள் இதை முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். புகைபிடிக்கும் காட்சி வந்தால் எச்சரிக்கை வாசகம் கட்டாயம். சான்றிதழ் இன்னும் வராத படத்தை, எடுத்த குழுவும் நாங்களும் மட்டும் வேறொரு நாள் உட்கார்ந்து பார்த்துக் கருத்துச் சொல்கிறோம். வெளியாட்களை அதற்கு அழைப்பதில்லை. பெரிய விழாக்கள் சான்றிதழ் இல்லாமல் காட்டுவது மத்திய அரசிடம் தனியாக விலக்கு வாங்கித்தான்.

சாதியைப் பத்தி, இல்ல உங்க கோயிலையே திட்டி எடுத்திருந்தா போடுவீங்களா?

போட்டிருக்கிறோம், போடுவோம். தேர்வுக் குழுவில் பங்கைச் சேர்ந்தவர்களும் சேராதவர்களும் சம அளவில் இருக்கிறார்கள். பங்குத்தந்தை எல்லாப் படத்தையும் முன்னால் பார்ப்பார். அவருக்கு ஒரு படம் வேண்டாம் என்று தோன்றினால் காரணத்தைக் குழுவிடம் சொல்ல வேண்டும், இயக்குநரிடமும் அந்தக் காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுவோம். கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதி பார்க்கும் வழக்கத்தைக் கேட்கும் படம் கோயில் மண்டபத்தில்தான் ஓட வேண்டும். வேறெங்கே ஓடி என்ன பயன்?

ஒரு தனி ஆளையோ ஊரையோ அடையாளம் தெரிகிற மாதிரிக் காட்டி இழிவுபடுத்தும் படம், உண்மையில் பாதிக்கப்பட்ட பெண்ணின் முகமோ பெயரோ வெளிப்படும் படம், இவற்றை எடுப்பதில்லை. அதில் விவாதத்துக்கு இடமில்லை.

படம் ஓடும்போது போன்ல எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். பல விழாக்கள் இணையத்தில் வெளிவந்த படத்தை ஏற்பதில்லை. உங்கள் அரை நிமிட ஸ்டேட்டஸ் அந்தப் பிள்ளையின் வாய்ப்பைக் கெடுத்துவிடலாம். பேச்சு நேரத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இயக்குநரோடு நின்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்க ஊர்லயும் இப்படி நடத்தணும். என்னென்ன வேணும்?

பத்தடி அகலத் திரை, அதாவது உயரம் ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் மேல். வெள்ளை வேட்டியை மடிப்பில்லாமல் இழுத்துக் கட்டினாலும் ஓடும், பின்னால் கறுப்புத் துணி இருந்தால் வெளிச்சம் வீணாகாது. இருட்டான மண்டபத்தில் இந்த அளவுக்கு 3,000 லூமென் வெளிச்சம் தரும் புரொஜெக்டர் போதும், சாதாரண லென்ஸ் என்றால் திரையிலிருந்து சுமார் 15 அடி தள்ளி வைக்க வேண்டியிருக்கும். ஒலிக்கு மேலே சொன்னதைப் பாருங்கள், திரைக்குச் செலவழிப்பதைவிட ஒலிக்கு அதிகம் செலவழியுங்கள். கரண்ட் போனால் சமாளிக்க யுபிஎஸ் ஒன்று, புரொஜெக்டர் திடீரென அணையாமல் இருக்க அது அவசியம்.

அனுமதியில் அவசரப்படாதீர்கள். படத்துக்கான சான்றிதழ் வேறு, இடத்துக்கான அனுமதி வேறு. இடத்தைப் பற்றியது 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சினிமாக்கள் ஒழுங்குமுறைச் சட்டம், உரிமம் தரும் அதிகாரி மாவட்ட ஆட்சியர். ஆட்சியர் அலுவலகத்தில் முதலில் எழுதிக் கேளுங்கள், காவல் நிலையத்துக்கு நகல் கொடுங்கள். வெளியே மைதானத்தில் என்றால் ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் அது ஓடக் கூடாது, மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். முதல் முறை மண்டபத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது.

கோயில் மண்டபம்தான் வேண்டும் என்றில்லை. ஊர்ச் சாவடி, கல்யாண மண்டபம், பள்ளிவாசலை ஒட்டிய கூடம், எது இருட்டாகவும் அமைதியாகவும் இருக்கிறதோ அது போதும். நாலு நல்ல படம் கிடைத்தால் தொடங்கிவிடுங்கள், பத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஃபாதர் மாறிட்டா அடுத்த வருஷம் நடக்குமா?

பங்குத்தந்தையர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுவது வழக்கம், புதிதாக வருபவருக்கு இதில் ஆர்வம் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் இது பங்குப் பேரவையின் தீர்மானமாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அனுமதிக் கடிதங்களின் நகல், ஸ்பீக்கர் வைத்த இடங்களின் வரைபடம், இயக்குநர்களோடு போட்ட ஒப்பந்தங்கள் எல்லாம் மண்டப அலமாரியில் ஒரே கோப்பில் இருக்கின்றன, சாவி பேரவைச் செயலரிடம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் நடத்துவதில்லை. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டர்) பிறகு மா அறுவடை உச்சத்துக்குப் போவதற்குள் ஒன்று, மழை சற்றுக் குறைந்ததும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கும் முன்னால் ஒன்று. படங்களை அதற்கு இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள், சான்றிதழ் வேலைக்கு அந்த அவகாசம் வேண்டும்.